'சீவ' என்னும் வாழ்த்து

(விழா அரங்கில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



இங்குள்ள பெரியவர்கள் பலரும் தம் பாட்டிமார் வாயிலாகக் கேட்டு வளர்ந்த கதை ஒன்று உண்டு. ஏமாங்கத நாட்டு மன்னன் சச்சந்தன், தான் நம்பிய அமைச்சனாகிய கட்டியங்காரனாலேயே முற்றுகையிடப் பெறுகின்றான். நிறைசூலியான அரசி விசயையை மயிற்பொறி ஒன்றில் ஏற்றி வானில் அனுப்பிவிட்டுப் போரிட்டு மடிகின்றான். பகைவனின் வெற்றிமுரசம் கேட்டு அரசி சோர்ந்துவிட, அப்பொறி ஊர்ப்புறத்துச் சுடுகாட்டில் இறங்குகின்றது. அங்கேதான் சீவகன் பிறந்தான்.

அந்த இரவில் அச்சுடுகாட்டுக்கு வேறொருவனும் வருகின்றான். அவன் கந்துக்கடன் என்னும் வணிகன். இறந்துபோன தன் குழந்தையை அடக்கம் செய்ய வந்தவன். அவன் கண்ணில் உயிருள்ள ஒரு குழந்தை படுகின்றது. அதை வாரி எடுக்கின்றான். குழந்தை தும்முகின்றது. அப்போது, 'சீவ' என்றொரு வாழ்த்தொலி எழுகின்றது. 'வாழ்க' என்பது அதன் பொருள். அவ்வாழ்த்தே அக்குழந்தைக்குப் பெயராயிற்று.

சீவக சிந்தாமணியை மணநூல் என்று கொண்டாடுவோர் பலர். ஆயினும் அதன் தொடக்கம் மணப்பந்தலில் இல்லை. போரால் தந்தையை இழந்த ஒரு பச்சிளங் குழந்தையின் அழுகையில் இருக்கின்றது. பிணம் எரியும் இடத்தில் நின்றுகொண்டு ஒரு குழந்தையைப் பார்த்து 'வாழ்க' என்று சொல்வது பொருத்தமா? துக்கம் நடக்கும் இடத்தில் மங்கலச் சொல் எதற்கு? இவ்வினாக்கள் இன்றும் கேட்கப்படுகின்றன. குண்டு விழும் ஊர்களில் குழந்தைகளுக்காக விழா எடுத்தவர்களை நோக்கி உலகம் இவற்றையே கேட்டது. அவ்விழாக்களைப் பற்றியதே இவ்வுரை.

மத்தியதரைக் கடலின் கிழக்குக் கரையில் காஸா என்னும் சிறு நிலப்பகுதி உள்ளது. நீளம் ஏறத்தாழ 41 கிலோமீட்டர். பரப்பளவு 365 சதுரக் கிலோமீட்டர். இந்தச் சிறு நிலத்தில் 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாழ்கின்றனர். அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் பதினெட்டு வயது நிரம்பாதவர்கள். மக்களில் பெரும்பாலோர் 1948ஆம் ஆண்டுப் போரில் தம் ஊர்களை விட்டு வெளியேறியவர்களும் அவர்தம் வழித்தோன்றல்களும் ஆவர். 2007 முதல் அந்நிலத்தின் எல்லைகள் அடைக்கப்பட்டன. அடுத்து, 2008 டிசம்பர் இறுதியில் தொடங்கி 2009 சனவரி வரை நீடித்த போரில் அங்கே முந்நூறுக்கும் மேற்பட்ட குழந்தைகள் மாண்டனர்.

அப்போர் முடிந்து ஆறு மாதங்கள் கழிந்தன. சூலை மாதம் வந்தது. அங்குள்ள பள்ளிகளுள் பலவற்றை அப்போது நடத்தியது பாலஸ்தீன அகதிகளுக்கென அமைந்த ஐக்கிய நாடுகள் சபையின் உதவி முகமை. கோடை விடுமுறையில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு அம்முகமை விளையாட்டு விழா நடத்தி வந்தது. நீச்சல், ஓவியம், கால்பந்து, நாடகம் என்று பலவும் அதில் உண்டு. அந்த ஆண்டு விழாவின் ஒரு பகுதியாக வடக்கே பெய்த் லாஹியாவின் கடற்கரையில் பிள்ளைகள் திரண்டனர். ஒவ்வொருவர் கையிலும் ஒரு பட்டம் இருந்தது.

காஸாப் பிள்ளைகள் செய்யும் பட்டம் பெரும்பாலும் அறுகோண வடிவானது. மூன்று குச்சிகளைக் குறுக்காக நடுவில் கட்டி, அவற்றின் ஆறு முனைகளையும் நூலால் இணைத்து, மேலே வண்ணத்தாள் ஒட்டுவர். நீண்ட வால் ஒன்றும் சேர்ப்பர். அன்று மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பட்டங்கள் ஒரே நேரத்தில் வானில் எழுந்தன. கின்னஸ் புத்தகம் அதை உலக சாதனையாகப் பதிந்தது. மறு ஆண்டு அதே கரையில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட பட்டங்கள் பறந்தன. இடையில் சீனாவில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பட்டங்கள் பறந்து அச்சாதனை முறியடிக்கப்பட்டது. காஸாவின் குழந்தைகள் விடவில்லை. 2011 சூலை 28ஆம் நாள் 12,350 பட்டங்களைப் பறக்கவிட்டு அதை மீட்டுக்கொண்டனர்.

2010ஆம் ஆண்டு விழாவில் வேறொரு காட்சியும் உண்டு. காஸாவின் தென்கோடியில் 1998இல் திறக்கப்பட்டுச் சில ஆண்டுகளிலேயே குண்டுகளாலும் மண்வாரி எந்திரங்களாலும் அழிக்கப்பட்ட விமான நிலையம் ஒன்று இருக்கின்றது. விமானம் எதுவும் வராத அந்த இடத்தில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட சிறுவர் சிறுமியர் நின்று, ஒரே நேரத்தில் கூடைப்பந்தைத் தரையில் தட்டி ஆடினர். அதுவும் உலக சாதனையாயிற்று.

அரபு மொழியில் அம்மக்கள் பட்டத்தைக் குறிக்கும் பேச்சுவழக்கில் ஒரு நுட்பம் உண்டு. 'தய்யாரா' என்றால் விமானம். 'தய்யாரா வரக்' என்றால் காகித விமானம். அதுவே பட்டத்தின் பெயர். தாய் ஒருத்தி 'தய்யாரா' என்று கத்தினால் பிள்ளைகள் வீட்டுக்குள் ஓட வேண்டும். அதே சொல்லோடு 'வரக்' என்பது சேர்ந்துவிட்டால் வீட்டை விட்டு வெளியே ஓடலாம். 'காகிதம்' என்ற ஒற்றைச் சொல்லில் ஒரு பிள்ளையின் அச்சமும் களிப்பும் பிரிந்து நின்றன.

இவ்விழாக்கள் எதிர்ப்பின்றி நடந்துவிடவில்லை. 2010 மே மாதத்தில் முகமூடி அணிந்த ஆயுததாரிகள் கடற்கரையில் அமைக்கப்பட்டிருந்த விழாக் கூடாரங்களுக்குத் தீ வைத்தனர். சூன் மாதத்தில் மற்றொரு முகாமும் அவ்வாறே தாக்கப்பட்டது. குழந்தைகளின் விளையாட்டுக்குப் பகை வேலிக்கு அப்பாலிருந்து மட்டும் வரவில்லை; உள்ளிருந்தும் வந்தது. எனினும் கூடாரங்கள் மீண்டும் எழுப்பப்பட்டன, விழா நடந்தது. ஆனால் தீயால் நிறுத்த முடியாத விழாவை 2012இல் பணமின்மை நிறுத்தியது.

பெருவிழா நின்றபின்னும் பட்டம் நிற்கவில்லை. 2011 மார்ச் 11ஆம் நாள் சப்பானில் நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் நேர்ந்தன. காஸாவின் கான் யூனிஸ் பகுதியில் சப்பான் நாட்டு உதவியால் கட்டப்பட்ட வீடுகளும் பள்ளிகளும் இருந்தன. மறு ஆண்டு மார்ச் மாதத்தில் அங்குள்ள பிள்ளைகள், கடல் கொண்டுபோன சப்பானியக் குழந்தைகளை நினைந்து பட்டம் விட்டனர். அதன் பின்னர் அது ஆண்டுதோறும் நிகழும் வழக்கமாயிற்று. சப்பானின் கமாய்ஷி நகரத்துப் பிள்ளைகளும் காஸாவை எண்ணிப் பட்டம் விட்டனர். காஸாவிலிருந்து சில மாணவர்கள் கமாய்ஷிக்கே சென்று அவர்களோடு நின்று நூல் பிடித்தனர்.

இதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். உலகம் முழுதும் இரங்கத்தக்கவர் என்று கருதப்பட்ட குழந்தைகள் வேறொரு நாட்டுக் குழந்தைகளுக்காக இரங்கினர். இரக்கம் பெறுபவராக மட்டும் அவர்களை வைத்திருந்தது உலகம். இரக்கம் தருபவராக அவர்களை உயர்த்தியது ஒரு பட்டத்திருவிழா.

இனி, வேலிக்கு மறுபுறம் செல்வோம்.

காஸாவின் கிழக்கு எல்லையை ஒட்டி இஸ்ரேலின் ஸ்தெரோத் என்னும் சிறு நகரம் உள்ளது. 2001 முதல் காஸாவிலிருந்து ஏவப்படும் ராக்கெட்டுகள் அங்கே விழுந்து வந்தன. அபாயச் சங்கு ஒலித்தால் ஒளிந்துகொள்ளக் கிடைப்பது பதினைந்து விநாடிகள். ஆகவே அவ்வூரில் பேருந்து நிறுத்தமும் பதுங்கறையாகவே கட்டப்பட்டது. சிறுவர் பூங்கா ஒன்றில் கம்பளிப்புழு வடிவில், நீண்டு வளைந்த கற்காரைக் குழாய் ஒன்றை அமைத்து வண்ணம் தீட்டியிருக்கின்றனர். பார்ப்பதற்கு விளையாட்டுப் பொருள். சங்கு ஒலித்தால் அதுவே உயிர் காக்கும் அறை. பிள்ளைகளுக்குப் பதுங்குவதையும் விளையாட்டாகக் கற்பிக்க நேர்ந்த ஊர் அது.

ஸ்தெரோத்துக்கு அருகே, காஸாவின் வேலியிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், வயல்கள் சூழ்ந்த சிற்றூர் ஒன்று இருக்கின்றது. அதன் பெயர் கஃபார் அஸா. 'கஃபார்' என்றால் எபிரேய மொழியில் சிற்றூர். 'அஸா' என்பது காஸாவுக்கு அம்மொழியில் வழங்கும் பெயர். ஆக, வேலிக்கு இப்புறமும் அப்புறமும் ஒரே பெயர்.

இந்தச் சிற்றூரிலும் ஆண்டுதோறும் ஒரு பட்டத்திருவிழா நடந்து வந்தது. ஊர்க் குடும்பம் ஒன்று அதனை முன்னின்று நடத்தியது. ஊரார் பட்டங்களில் அமைதி வாசகங்களை எழுதி, காஸாவில் உள்ளோர் கண்ணிலும் படுமாறு எல்லைக்கு அருகே பறக்கவிடுவர். 'நாங்கள் அமைதியாக வாழவே விரும்புகின்றோம்' என்று மறுகரைக்குச் சொல்வது அவ்விழாவின் நோக்கம். எபிரேயத்தில் பட்டத்துக்கு 'அஃபிஃபோன்' என்று பெயர். அரபுச் சொல்லைப் போலவே இதுவும் பறத்தல் என்னும் பொருளுடைய வேரினின்று பிறந்ததே.

இரு கரையிலும் அந்தப் பட்டங்களை ஏந்தியது ஒரே காற்றுத்தான். பகல் ஏற ஏறக் கடலிலிருந்து நிலம் நோக்கி வீசும் மேல்காற்று பெய்த் லாஹியாவின் கரையைத் தொட்டு, வேலியைக் கடந்து, கஃபார் அஸாவின் வயல்களுக்குச் செல்கின்றது. கடலோரத்துப் பிள்ளையின் பட்டத்தைத் தூக்கிய அதே காற்று சற்று நேரத்தில் வயலோரத்துப் பிள்ளையின் பட்டத்தையும் தூக்கும். இருவரும் ஒருவரையொருவர் கண்டதில்லை.

ஆனால் காற்று எதையும் சுமக்கும். 2018 மார்ச் 30ஆம் நாள் காஸாவின் வேலியோரத்தில் பெரும் போராட்டம் தொடங்கியது. அதனையொட்டிச் சிலர், எரியும் துணியைப் பட்டத்தின் வாலில் கட்டி விட்டனர். மேல்காற்று அவற்றை எல்லைக்கு அப்பால் கொண்டு சென்றது. கோதுமை வயல்களும் காடுகளும் எரிந்தன. வயலுள் வாழும் சிற்றுயிர்கள் எத்தனை வெந்திருக்கும் என்பதை எவரும் எண்ணவில்லை. அதே வேலியோரத்தில் இஸ்ரேலியப் படையினரின் துப்பாக்கிகளும் ஓயவில்லை. அவ்வாண்டு இறுதிக்குள் அப்போராட்டக் களங்களில் கொல்லப்பட்டோருள் 35 பேர் குழந்தைகள் என்று ஐ.நா. விசாரணை ஆணையம் பதிவு செய்தது. குழந்தையின் கையிலிருந்த பொருளைப் பெரியவர்கள் வாங்கிப் படைக்கலம் ஆக்கினர். அதற்கான விலையை மீண்டும் குழந்தைகளே கொடுத்தனர்.

2023ஆம் ஆண்டில் கஃபார் அஸாவின் பட்டத்திருவிழாவுக்கு ஒரு நாள் குறித்திருந்தனர். அந்த நாள் அக்டோபர் 7, சனிக்கிழமை. அன்று காலை ஹமாஸ் ஆயுததாரிகள் வேலியை உடைத்து உட்புகுந்தனர். கஃபார் அஸாவில் மட்டும் அறுபதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். விழாவை முன்னின்று நடத்திய குடும்பத்தில் தந்தை, தாய், மூன்று பிள்ளைகள் என ஐவரும் மாண்டனர். அன்று இஸ்ரேலில் கொல்லப்பட்ட ஏறத்தாழ 1,200 பேருள் முப்பதுக்கும் மேற்பட்டோர் குழந்தைகள். பிணையாகக் கொண்டு செல்லப்பட்டவர்களிலும் குழந்தைகள் இருந்தனர்.

அதன் பின் காஸாவின் மீது தொடங்கிய போரை உலகம் அறியும். அந்நாட்டுச் சுகாதார அமைச்சகத்தின் கணக்கின்படி 2025ஆம் ஆண்டின் நடுப்பகுதிக்குள் 18,000க்கும் மேற்பட்ட குழந்தைகள் கொல்லப்பட்டனர். 2024 தொடக்கத்திலேயே, பெற்றோரை இழந்தோ பிரிந்தோ தனித்து நிற்கும் குழந்தைகள் 17,000 பேர் இருக்கக்கூடும் என்று யுனிசெஃப் நிறுவனம் மதிப்பிட்டது. பள்ளி வயதினர் ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கல்வி இழந்தனர். கோடை விழா நடத்திய முகமையின் பள்ளிக்கூடங்கள் அகதிகளின் தங்குமிடங்களாயின. அவற்றுள் பலவும் குண்டுக்கு இலக்காயின. 12,350 பட்டங்களின் நூலைப் பற்றிய கைகளில் எத்தனை கைகள் இன்று இருக்கின்றன என்று கேட்க எவருக்கும் துணிவு வாராது.

அவையோரே, இங்கே ஒரு வினா எழும். இரு கரையிலும் குழந்தைகளுக்காக விழா எடுத்தார்களே, அதனால் என்ன பயன்? ஓர் ஏவுகணையை அப்பட்டங்கள் தடுத்தனவா? ஒரு துப்பாக்கியைத் தாழ்த்தினவா?

இல்லை. தடுக்கவில்லை, தாழ்த்தவும் இல்லை. அப்படித் தடுக்குமென்று சொல்வது குழந்தைகளின் தலையில் பெரியவர்களின் சுமையை ஏற்றுவதாகும். போரை நிறுத்துவது பெரியவர்களின் கடமை. பட்டத்தின் கடமை அன்று. அவ்விழாக்களின் பயன் வேறிடத்தில் இருக்கின்றது.

போர், குழந்தையை முதலில் எண்ணாக மாற்றுகின்றது. இத்தனை பேர் இறந்தனர், இத்தனை பேர் காயமுற்றனர், இத்தனை பேர் அநாதையாயினர் என்று கணக்கு எழுதப்படுகின்றது. இவ்வுரையிலும் அவ்வெண்கள் வந்தன, தவிர்க்க இயலவில்லை. அடுத்ததாக, போர் குழந்தையைக் கொடியாக மாற்றுகின்றது. 'எம் குழந்தையைப் பார், இவனுக்காகவே யாம் கொல்கின்றோம்' என்று இரு தரப்பும் சொல்லத் தொடங்குகின்றன. எண்ணாகவும் கொடியாகவும் ஆகிவிட்ட ஒரு பிள்ளையை மீண்டும் பிள்ளையாகப் பார்க்க ஓர் இடம் வேண்டும். விழா அத்தகைய இடம். அங்கே அவனிடம், 'உன் வீடு இடிந்ததா?' என்று எவரும் கேட்பதில்லை. 'உன் பட்டத்துக்கு என்ன நிறம்?' என்று கேட்கின்றனர்.

மேலும், முற்றுகைக்குள் வாழும் ஒரு குழந்தை தன் விருப்பப்படி அசைக்கக்கூடிய பொருள்கள் மிகச் சில. எப்போது மின்சாரம் வரும், எப்போது பள்ளி திறக்கும், எந்த வீட்டில் இன்றிரவு உறங்குவோம் என்று எதையும் அது அறியாது. பட்டத்தின் நூலோ அதன் விரலில் இருக்கின்றது. இழுத்தால் ஏறுகின்றது; தளர்த்தினால் விலகுகின்றது. தன் செயலுக்கு உலகம் விடை சொல்கின்றது என்பதை அக்குழந்தை அந்த ஒரு நூலின் வழியே உணர்கின்றது. விளையாட்டு என்பது வயிறு நிறைந்தபின் தேடும் ஆடம்பரம் அன்று. 1989இல் ஐ.நா. பேரவை ஏற்ற குழந்தை உரிமை உடன்படிக்கையின் 31ஆம் உறுப்பு விளையாட்டைக் குழந்தையின் உரிமை என்றே கூறுகின்றது. அதனால்தான் 2024இல், வீடிழந்தோர் எகிப்து எல்லையருகே ரஃபாவில் கூடாரங்களில் நெருங்கிக் கிடந்தபோதும், அக்கூடாரங்களுக்கு மேலே பட்டங்கள் பறந்தன. அவற்றுக்கு விழாக்குழு இல்லை. சாதனைப் புத்தகமும் இல்லை. கிடைத்த தாளையும் குச்சியையும் கொண்டு பிள்ளைகளே செய்து விட்டனர். பெரியவர்கள் எடுக்க மறந்த விழாவைத் தாமே எடுத்துக்கொண்டனர்.

இனி, தொடக்கத்தில் விட்டுவந்த கதைக்குத் திரும்பலாம்.

சுடுகாட்டில் பிறந்த சீவகன் கந்துக்கடன் இல்லத்தில் வளர்ந்தான். அச்சணந்தி அடிகளிடம் கல்வி கற்றான். ஆசிரியர் ஒருநாள் அவனுடைய பிறப்பு வரலாற்றை அவனுக்கு உணர்த்தினார். தந்தையைக் கொன்றவன் யாரென்று அறிந்ததும் சீவகன் வெகுண்டெழுந்தான். ஆசிரியர் அவனிடம் வேண்டியது ஒன்றே: ஓராண்டுக் காலம் அச்சினத்தை அடக்கியிரு என்பதே அது. சீவகன் உடன்பட்டான். ஆயினும் காப்பியம் உண்மையை மறைக்கவில்லை. காலம் வந்தபோது சீவகன் படை திரட்டினான், கட்டியங்காரனைக் கொன்றான், நாட்டை மீட்டான். போரில் பிறந்த குழந்தை வளர்ந்து போரே செய்தது. ஆசிரியர் வாங்கித் தந்தது ஓராண்டு மட்டுமே.

அந்த ஓராண்டை அற்பம் என்று கருதலாகாது. ஒரு விழா வாங்கித் தருவதும் அத்தகைய சிறு காலமே. அது ஒரு மாலையாக இருக்கலாம். ஒரு கோடையாக இருக்கலாம். ஆனால் சினத்தை ஒத்திவைக்கக் கற்றவனுக்கே அதனைத் துறக்கும் நாளும் வாய்க்கும். சீவகனுக்கும் வாய்த்தது. அரசனாய் முடி சூடி வாழ்ந்த காலத்தில் ஒரு சோலையில், குரங்கின் கையிலிருந்த பலாக்கனியைக் காவலன் பறித்துக்கொண்டதைக் கண்டான். வலியவன் எளியவனிடம் பறிப்பதுதானே தன் அரசும் என்று உணர்ந்தான், அனைத்தையும் துறந்தான். கட்டியங்காரனின் வீழ்ச்சியோடு முடிந்திருந்தால் அது வெறும் பழிதீர்த்த கதை. திருத்தக்கதேவர் அங்கே நிறுத்தவில்லை.

அக்கதையில் சீவகனினும் வணங்கத்தக்கவன் ஒருவன் உண்டு. அவன் கந்துக்கடன். தன் குழந்தையைப் புதைக்க வந்த கைகளாலேயே மற்றொருத்தியின் குழந்தையை எடுத்தவன். தன் இழப்பைக் காரணம் காட்டி அவன் விலகிச் சென்றிருக்கலாம். எவரும் குறை கூறியிருக்கமாட்டார்.

அத்தகையோர் இன்றும் இருக்கின்றனர். இம்மோதலில் தம் உறவினரை இழந்த இஸ்ரேலியக் குடும்பங்கள் சில சேர்ந்து 1995இல் ஓர் அமைப்பைத் தொடங்கின; பின்னர் பாலஸ்தீனக் குடும்பங்களும் அதில் சேர்ந்தன. 'பெற்றோர் வட்டம்' என்பது அதன் பெயர். அறுநூறுக்கும் மேற்பட்ட குடும்பங்கள் அதில் இணைந்தன. மகனை இழந்த யூதத் தந்தையும் மகளை இழந்த அரபுத் தந்தையும் ஒரே வகுப்பறைக்குச் சென்று, ஒரே மேசையின் பின் அமர்ந்து, மாணவரிடம் தம் கதையைச் சொல்லி வந்தனர். இரு தரப்புப் பிள்ளைகளுக்கும் சேர்த்துக் கோடை முகாம் நடத்துகின்றனர். 2006 முதல் ஆண்டுதோறும் இருதரப்பு இறந்தோர்க்கும் ஒரே மேடையில் நினைவேந்தல் நடக்கின்றது. அதனை நடத்துவோர் தத்தம் மக்களாலேயே துரோகிகள் என்று ஏசப்படுவதும் உண்டு. 2023 அக்டோபருக்குப் பின்னும் அவர்கள் கலைந்துவிடவில்லை. பிணம் சுமந்த கையால் பிறர் பிள்ளையைத் தூக்குவோர் அவர்கள்.

அவையில் உள்ள பெற்றோர்க்கும் பாட்டன் பாட்டியர்க்கும் ஒரு வேண்டுகோள். காஸாவின் செய்தி இன்று ஒவ்வொரு வீட்டின் கைப்பேசியிலும் வந்து விழுகின்றது. அதைப் பார்க்கும் பேரப்பிள்ளை, 'தாத்தா, இதில் நல்லவர் யார், கெட்டவர் யார்?' என்று கேட்கும். விளையாட்டுப் போட்டியில் ஓட்ட எண்ணிக்கை சொல்வது போல இருபுறத்து இறப்புகளையும் சொல்லிவிடுதல் எளிது. வேலிக்கு ஒருபுறத்துக் குழந்தைக்கு மட்டும் கண்ணீர் விடுதல் அதனினும் எளிது. அப்படிச் செய்தல் வேண்டா. அந்தப் பிள்ளையிடம் இரண்டு கதைகளையும் சொல்லுங்கள். கடற்கரையில் காகித விமானம் விட்ட குழந்தையைச் சொல்லுங்கள். வயலோரத்தில் அஃபிஃபோன் விட்ட குழந்தையையும் சொல்லுங்கள். ஒரே காற்று என்பதைச் சொல்லுங்கள். யார் யாரைக் கொன்றார் என்ற வரலாற்றையும் மறைக்காது, வயதறிந்து சொல்லுங்கள். எல்லாம் ஒன்றே என்று மழுப்புதல் நடுநிலை ஆகாது; குற்றத்தைக் குற்றமென்றே கூறுதல் வேண்டும். ஆயினும் எந்தக் குற்றத்துக்கும் எந்தக் குழந்தையும் பொறுப்பன்று என்பதை முதலில் சொல்லுங்கள், இறுதியிலும் சொல்லுங்கள்.

உயிர் என்றால் ஓரறிவுயிர் முதலாக எண்ணிப் பழகிய குடும்பங்கள் இங்குள்ளவை. அந்தி சாய்ந்தபின் உண்ணாமையும் நீரை வடிகட்டிக் குடித்தலும் கண்ணுக்குத் தெரியாத உயிருக்காகக் கைக்கொண்ட நோன்புகள். கண்ணுக்குத் தெரியாத உயிருக்காக இரங்கக் கற்றவர்க்கு, வேலிக்கு மறுபுறத்தில் இருக்கின்ற ஒரு குழந்தை மட்டும் கண்ணில் படாமல் போகுமாயின், அந்நோன்புக்குப் பொருளில்லை.

2025 அக்டோபரில் காஸாவில் போர்நிறுத்தம் ஒன்று அறிவிக்கப்பட்டது. அது எத்துணை உறுதியானது என்பதை அங்குள்ள பிள்ளைகளே முதலில் அறிவர். ஏனெனில் அதன் ஒவ்வொரு விரிசலும் அவர்கள் தலைமேல்தான் ஒலிக்கின்றது. அந்நிலத்தில் இடிபாடுகளை அகற்றப் பல்லாண்டுகள் ஆகும். பள்ளிகள் எழவும் ஆண்டுகள் ஆகும். ஆனால் மூன்று குச்சி, ஒரு தாள், ஒரு நூற்கண்டு ஆகியவற்றுக்கு அத்துணைக் காலம் வேண்டுவதில்லை. இரு கரையிலும் எஞ்சிய பிள்ளைகள் மீண்டும் நூல் பிடிப்பர். அன்று பெரியவர்கள் செய்யத்தக்கது ஒன்றே. அந்தப் பட்டத்தின் வாலில் தீயைக் கட்டாதிருத்தல். அது பறக்கும் வானிலிருந்து தீயைப் பொழியாதிருத்தல்.

இறந்த குழந்தையைக் கையில் ஏந்தி வந்த ஒருவன், இருண்ட சுடுகாட்டில், தனக்கு எவ்வகையிலும் உறவல்லாத குழந்தையை எடுத்தான். அப்போது எழுந்த சொல் ஒன்று. அது வெற்றி வாழ்த்தன்று, வீர வாழ்த்தன்று. எந்தக் குலத்தில் பிறந்தாய், எவருடைய பகைவன் நீ என்று கேட்காமல் எழுந்த சொல் அது.

இங்கே முன்வரிசையில் அமர்ந்திருக்கும் குழந்தைகளுக்கும், கடற்கரைக் கூடாரத்தில் உறங்கும் குழந்தைகளுக்கும், கம்பளிப்புழுப் பதுங்கறையருகே விளையாடும் குழந்தைகளுக்கும் அச்சொல்லே உரியது.

சீவ.